ஓனர்ஸ் ரிஸ்க்

"நாட்டிங்ஹாமா, அசன்சோலா?"

புனேயிலிருந்து போனில் பேசியவர் கேட்டது இது. அதே நேரம் என் வீட்டு வாசலில் நின்றிருந்த இன்னொருவர், அதே சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பெடலை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "செயின் கவர் முழுசா இருக்குல்ல சார்? வேட்டி கட்டிக்கிட்டு ஓட்டலாம்ல?" என்றார். ஒருவருக்கு சைக்கிள் பிறந்த ஊர் தெரிய வேண்டும். இன்னொருவருக்கு வேட்டியில் எண்ணெய் படுமா என்று தெரிய வேண்டும். புனேக்காரர் சொன்ன விலை 22,000 ரூபாய். வாசல்காரர் சொன்னது 8,000. இரண்டு வாரம் தூக்கம் கெட்டது இந்தக் கணக்கில்தான்.

நான் சைக்கிள் வியாபாரி இல்லை. ஆசைக்கு வாங்குகிறவன், வீட்டில் இடம் போதாமல் விற்கிறவன். மாடிப்படிக்கு அடியில் ஒன்று மட்டும் நிற்கலாம் என்பது வீட்டுக்காரம்மாவின் உத்தரவு. ஆனால் திருச்சியில் இருந்துகொண்டு ஒன்றோடு நிறுத்துவது சிரமம். காரணம் பொன்மலை. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சங்கு ஊதினால் சைக்கிள் வெள்ளமாக வெளியே வரும் என்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர். ஃபிட்டர், டர்னர் வேலை பார்த்தவர்கள் தங்கள் சைக்கிளைக் கெடவிட மாட்டார்கள். வருஷம் ஒருமுறை ஓவராயில், மழைக்கு முன் கிரீஸ், தீபாவளிக்குப் புது பிரேக் கட்டை. அப்படிப் பராமரித்த ராலே ஒன்று, பொன்மலையில் ஒரு பழைய வீட்டை இடித்தபோது கிணற்றடிக் கொட்டகையிலிருந்து வெளியே வந்தது. காயலான் கடைக்காரர் தராசில் ஏற்றுவதற்குள் பாலக்கரை பாய் பார்த்துவிட்டார். பாய்தான் எனக்கு மெக்கானிக், ஆலோசகர், பல சமயம் மனசாட்சியும்.

புனேக்காரரின் கேள்விக்கு வருகிறேன். ராலே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 1880களின் கடைசியில் தொடங்கிய கம்பெனி. சுதந்திரத்துக்குப் பிறகு இறக்குமதி இறுகவும், வங்காளத்தில் அசன்சோலுக்குப் பக்கத்தில் சென்-ராலே என்ற தொழிற்சாலை வந்தது. நம் பக்கத்தில் 1949-ல், பர்மாவில் தொழில் செய்துவிட்டு வந்த பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸோடு கைகோத்தார்கள். அம்பத்தூரில் ஹெர்குலிஸ் ஓட ஆரம்பித்தது அப்படித்தான். ஆக, நம் தாத்தாக்கள் ஓட்டிய 'சீமை சைக்கிள்'களில் சில நிஜமாகவே சீமையில் பிறந்தவை, மற்றவை இங்கேயே பிறந்து சீமைப் பெயர் வைத்துக்கொண்டவை. ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. விலையில் உண்டு. முன்பக்க பேட்ஜில் 'நாட்டிங்ஹாம் இங்கிலாந்து' என்று இருந்தால் சேகரிப்பாளர் ஒரு விலை சொல்வார், 'மேட் இன் இந்தியா' என்று இருந்தால் பாதிதான்.

பேட்ஜை மட்டும் நம்ப முடியாது, அதைக் கழற்றி வேறு வண்டியில் மாட்ட ரெண்டு நிமிஷம் போதும். என் ராலேயின் முன்சக்கர நடுவில் டைனமோ ஹப் இருக்கிறது. டயரில் உரசும் சாதாரண டைனமோ இல்லை. ஹப்புக்குள்ளேயே காந்தமும் சுருளும் வைத்து, சத்தமில்லாமல் விளக்கெரிக்கும் ஸ்டர்மி-ஆர்ச்சர் சாதனம். அதன் உடம்பில் எழுத்துகளுக்குப் பக்கத்தில் '52' என்று பதித்திருக்கிறது. 1952. அது ஹப்பின் வயசு. வண்டியின் வயசும் அதுவேதானா என்று கேட்டால் பாய் சிரிப்பார். "சார், சக்கரம் கல்யாணம் பண்ணிக்கிட்டு வந்ததா, கூடப் பொறந்ததான்னு யாருக்குத் தெரியும்?"

பாய் வேறு வழியில் பார்த்தார். கிராங்கைக் கழற்றி, பிராக்கெட் கப்பின் மரையை எண்ணினார். ராலேக்கு மட்டும் அங்குலத்துக்கு 26 மரை. மற்ற இங்கிலீஷ் வண்டிகளுக்கு 24. 26 இருந்தது. செயின் சக்கரத்தில் நாரைத் தலைகள் இருக்க வேண்டும், அது இல்லை. ஏதோ ஒரு வருஷம் வண்டியை வைத்திருந்த ஃபிட்டர் ஐயா பல் தேய்ந்துபோய் அம்பத்தூர் சரக்கை மாட்டியிருக்கிறார். ஃபிரேம் நாட்டிங்ஹாம், ஹப் நாட்டிங்ஹாம், செயின் சக்கரம் அம்பத்தூர், பெயின்ட் பாலக்கரை. ஹேண்டில்பாரில் நகராட்சியின் பழைய லைசென்ஸ் பில்லை ஒன்று கம்பியில் கட்டித் தொங்கியது. சைக்கிளுக்கு வரி கட்டி, பில்லை இல்லாமல் போனால் மடக்கிப் பிடித்த காலம் இளைஞர்களுக்குக் கதையாகத்தான் இருக்கும்.

இதையெல்லாம் புனேக்காரரிடம் ஒளிக்காமல் சொன்னேன். பெயின்ட் மறு பூச்சு என்றதும் அவர் குரல் இறங்கியது. செயின் சக்கரம் என்றதும் விலையும் இறங்கியது. 22,000 மறுநாள் 14,000 ஆனது. சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று நண்பர்கள் கேட்டார்கள். இருந்திருக்கலாம். போட்டோவில் துரு தெரியாது. லேசாக எண்ணெய் தடவினால் தெரியவே தெரியாது. ஆனால் ஊர்விட்டு ஊர் விற்கும்போது வாங்குகிறவர் நம் வாயைத்தான் வாங்குகிறார், சைக்கிள் பின்னால்தான் வருகிறது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஹம்பர். ஹம்பரை அடையாளம் காண்பது சுலபம்: முன் ஃபோர்க்கின் ஒவ்வொரு காலும் இரட்டைக் குழாய். செயின் சக்கரத்தில் ஐந்து மனிதர்கள் ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஐந்து பேருக்காகவே வாங்கினேன். பெங்களூரில் ஒருவர் அதே ஐந்து பேருக்காக என்னிடமிருந்து வாங்கினார். ஒரு லாரி பார்சல் ஆபீஸில் போட்டேன். அப்போது எனக்குப் பேக்கிங் தெரியாது. சாக்கும் சணலும் போதும் என்று நினைத்தேன். போய்ச் சேர்ந்தபோது செயின் கவரில் தேங்காய் அளவு ஒரு குழி. இரட்டைக் குழாய் ஃபோர்க்கின் ஒரு கால் உள்வாங்கி வளைந்திருந்தது. மேலே மோட்டாரோ கிரைண்டரோ ஏற்றியிருக்க வேண்டும். ஆபீஸில் கேட்டால், ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். பொடி எழுத்தில் 'ஓனர்ஸ் ரிஸ்க்'. அதில் ஓனர் யார் என்பதில்தான் சிக்கல். காசு வாங்கிய நானா, காசு கொடுத்த அவரா, நடுவழியில் இருந்த லாரியா? பெங்களூர்க்காரர் சண்டை போடவில்லை. போட்டோ மட்டும் அனுப்பினார், ஒரு வார்த்தை எழுதவில்லை. 4,000 ரூபாய் திருப்பிக் கொடுத்தேன். அந்த மௌனம் இன்னும் கணக்கில் நிற்கிறது.

அதற்குப் பிறகு பாயும் நானும் பேக்கிங் கற்றுக்கொண்டோம். ராலே போன்ற வண்டிகளுக்கு பிரேக் கேபிள் கிடையாது, கம்பிகள். ஹேண்டில்பாரிலிருந்து கம்பி இறங்கி, முழங்கை மாதிரி திரும்பி, பின்சக்கரம்வரை போகும். ஹேண்டில்பாரை எடுக்க வேண்டுமென்றால் அந்தக் கம்பிகளின் ஜாயின்ட் ஒவ்வொன்றையும் கழற்ற வேண்டும். எழுபது வருஷத் துருவில் உறைந்த சின்னத் திருகுகள். ஒன்று உடைந்தால் அதே மரைக்கு வேறு கிடைக்காது. பெடலைக் கழற்ற வேண்டும், இடது பெடல் எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதை மறந்து பலம் போட்டவர்களின் கிராங்கெல்லாம் பாய் கடை மூலையில் கிடக்கிறது. முன்சக்கரத்தை எடுத்தபின் ஃபோர்க் முனைகளுக்கு நடுவில் ஒரு மரக்கட்டை வைத்து இறுக்க வேண்டும். ஹம்பருக்கு நாங்கள் செய்யாதது அதுதான். மட்கார்டுக்குத் தனியாக அட்டை. விளக்குக்குப் பழைய துணி. பெரிய அட்டைப்பெட்டியை சைக்கிள் ஷோரூமில் கேட்டு வாங்க வேண்டும், அதுவும் இன்றைய வண்டி அளவுக்கு உள்ள பெட்டி. 28 அங்குலச் சக்கரம் அதற்குள் போகாது. இரண்டு பெட்டியை வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டு ராத்திரி வேலை.

அப்புறம் கட்டணம். இந்த ராலே தராசில் 22 கிலோ. கூரியர்காரர் தராசைப் பார்ப்பதில்லை, டேப்பை எடுக்கிறார். பெட்டியின் நீளம், உயரம், அகலம் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுக்கிறார். 150, 80, 25. பெருக்கினால் மூன்று லட்சம். வகுத்தால் 60 கிலோ. 22 கிலோ சைக்கிளுக்கு 60 கிலோ காசு. பெட்டிக்குள் பெரும்பகுதி காற்று, காற்றுக்கும் சேர்த்துத்தான் கட்டணம். ரயில் பார்சல் மலிவு, ஆனால் வாங்குகிறவர் ஸ்டேஷனுக்கு வந்து எடுக்க வேண்டும். ஆம்னி பஸ் டிக்கி இன்னும் மலிவு. அதற்கு டிரைவரின் நல்ல மனசும் டிக்கியில் இடமும் ஒரே நாளில் அமைய வேண்டும்.

வெளிநாடு என்றால் கதை வேறு. ஒருமுறை மெல்போர்னிலிருந்து விசாரித்தார்கள். மரப்பெட்டியில் அனுப்பினால், அந்த மரத்தைப் பூச்சி சாகிற அளவுக்குச் சூடேற்றி முத்திரை குத்தியிருக்க வேண்டும் என்று சர்வதேச விதியே இருக்கிறது. பாய் கடை வேப்பம்பலகைக்கு யார் முத்திரை குத்துவது? அதைவிடப் பெரிய விஷயம், 1972-ன் தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். நூறு வருஷம் கடந்த, வரலாற்று மதிப்புள்ள பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கூடாது. கோயில் சிலைகளை மனதில் வைத்துப் போட்ட சட்டம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் காலம் யாருக்காகவும் நிற்பதில்லையே. 1920களின் சைக்கிள்கள் ஒவ்வொன்றாக நூறைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. உங்கள் கொள்ளுத்தாத்தா பால் ஊற்றப் போன வண்டி தொல்பொருளா இல்லையா என்று தொல்லியல் துறையிடம் சான்றிதழ் கேட்டு நிற்கும் நாள் வந்துவிட்டது.

இதெல்லாம் ஒரு காலத்தில் தலைகீழாக நடந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்த வண்டிகள் மதராஸ் துறைமுகத்துக்குப் பெட்டிகளில், கழற்றிய நிலையில்தான் வந்திறங்கின. இங்கே கடைகளில் மாட்டி ஓட்டிக் கொடுத்தார்கள். இப்போது நாம் கழற்றி அனுப்பப் பார்க்கிறோம், மாட்டத் தெரிந்த கை அந்தப் பக்கம் குறைந்துவிட்டது. மெல்போர்ன்காரரே சொன்னார்: 28-க்கு ஒன்றரை டயர் அவர் ஊரில் லேசில் கிடைக்காதாம், சைக்கிளோடு நாலு டயரும் வைத்து அனுப்ப முடியுமா என்றார். காந்தி மார்க்கெட் பக்கம் எந்தக் கடையிலும் ஆணியில் தொங்குகிற டயர்.

அவர் முழு வண்டியை வாங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒரு யோசனை சொன்னார். "சீட்டும் ஹப்பும் விளக்கும் மட்டும் அனுப்புங்கள். சைக்கிளுக்குச் சொன்ன அதே விலை தருகிறேன்."

இந்த இடத்தில்தான் எனக்கு இந்த வியாபாரத்தின் மீது கோபம். தூரம் சைக்கிளைப் பிரித்துவிடுகிறது. முழு வண்டிக்கு 60 கிலோ கட்டணம். ப்ரூக்ஸ் தோல் சீட்டு ஒரு செருப்புப் பெட்டியில் போய்விடும். லூகாஸ் விளக்கு, பித்தளை மணி, முன் பேட்ஜ், செயின் சக்கரம் எல்லாமே கையடக்கம். தனித்தனியாக விற்றால் முழுசாக விற்பதைவிட ஒன்றரை மடங்கு தேறும். தெரிந்த வியாபாரிகள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். மிச்சமாகும் ஃபிரேமை யாரும் கேட்க மாட்டார்கள்.

நானும் ஒருமுறை செய்தேன். ஒரு ரட்ஜ். அதன் செயின் சக்கரத்தில் விரித்த உள்ளங்கை ஒன்று இருக்கும், ரட்ஜ் கம்பெனியின் அடையாளம் அது. (ஹம்பரை 1932-லும் ரட்ஜை 1943-லும் ராலேயே வாங்கிப்போட்டுவிட்டது, சாலையில் சண்டை போட்ட மூன்றும் கடைசியில் ஒரே கூரைக்குக் கீழ்தான் பிறந்தன.) அந்தக் கையை டில்லிக்காரர் ஒருவர் கேட்டார். வண்டியில் வேறெதுவும் உருப்படியாக இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கழற்றிக் கொடுத்தேன். கூரியர் 180 ரூபாய்தான். கை போனபின் ரட்ஜ் எதற்கும் உதவாமல் ஆறு மாதம் சுவரில் சாய்ந்து நின்றது. ஒருநாள் நான் வெளியூர் போயிருந்தபோது தெருவில் 'பழைய இரும்பு, ஈயம், பித்தளை' குரல் கேட்டு வீட்டில் எடைக்குப் போட்டுவிட்டார்கள். பேரீச்சம்பழம்கூட இல்லை, இப்போதெல்லாம் பிளாஸ்டிக் குடம். அந்தக் குடம் இன்னும் இருக்கிறது. பாய் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை; அடுத்த மூன்று வாரம் என் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டியபோது காசு மட்டும் கறாராக வாங்கினார்.

சரி, உள்ளூரில் விற்பது சுகமா என்றால் அதுவும் இல்லை. வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்க வருவதில்லை. தங்கள் அப்பாவின் சைக்கிள் கதையைச் சொல்ல வருகிறார்கள். குரங்குப் பெடல் போட்டு விழுந்து முழங்கால் பெயர்ந்த கதை நான் நாற்பது கேட்டிருப்பேன். தில்லைநகரில் ஹோட்டல் திறக்கிற ஒருவர் வந்தார். சுவரில் மாட்ட வேண்டுமாம், டயர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, மேலே இன்னும் கொஞ்சம் துரு இருந்தால் நல்லதாம். நல்ல விலை சொன்னார், மறுத்துவிட்டேன். சினிமா ஆர்ட் டிபார்ட்மென்ட் என்று சொல்லிக்கொண்டு ஒரு தம்பி வாடகைக்குக் கேட்டார், எண்பதுகளின் கதையாம். 1952-ஐ எண்பதுகளில் நிறுத்தலாமா என்றேன். "யாருண்ணே பார்க்கப்போறா?" என்றார். நான் பார்ப்பேனே.

வேட்டிக்காரர் மட்டும் மூன்றாவது முறையும் வந்தார். பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், உறையூர். ஒவ்வொரு முறையும் ஒரு குறை கண்டுபிடித்தார். ஸ்டாண்டு ஸ்பிரிங் தளர்வு. பின்மட்கார்டு கம்பி ஒன்று வேறு வண்டியுடையது. கடைசியில் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டிப்போய் வருகிறேன் என்றார். முக்கால் மணி நேரம் ஆளைக் காணோம். ஆதார் கார்டு வாங்கி வைத்துக்கொள்ளவில்லையா என்று வீட்டில் கேட்டார்கள். வியர்த்து வந்து இறங்கினார். "வெயிட்டா இருக்கு சார்," என்றார். பேரம் தொடங்கப் போகிறது என்று தயாரானேன். "எங்கப்பா இதுல எங்கம்மாவையும் என்னையும் ஒக்கார வச்சு மலைக்கோட்டைக்கு மிதிச்சிருக்காரு. எப்படி மிதிச்சாருன்னு இப்பதான் புரியுது."

9,500 என்றார். புனேயின் 14,000-ல் பேக்கிங் சாமான் 900, கட்டணம் 2,800 கழித்தால் 10,300. இரண்டு ராத்திரி வேலைக்குக் கூலி 800 ரூபாய். அதில் பாய்க்குப் பாதி. நானூறு ரூபாய்க்காகத் திருகு உடையுமா, லாரியில் என்ன ஏறும், பெட்டி மழையில் நனையுமா என்று ஒரு வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு தெளிவு உண்டு: மறு பூச்சு காணாத பெயின்ட், சொந்தப் பல்சக்கரம், தங்கக் கோடுகூட அழியாத வண்டி கையில் வந்தால் அதைக் கண்டிப்பாக வெளியூருக்கு அனுப்புவேன். அதன் அருமை தெரிந்தவர் புனேயிலோ கொல்கத்தாவிலோதான் இருக்கிறார், இங்கே வந்தால் அதன் மேல் பச்சை எனாமல் அடித்துவிடுவார்கள். ஆனால் இந்த மாதிரி பாதி நாட்டிங்ஹாம், பாதி அம்பத்தூர் வண்டி நம் தெருவில்தான் ஓட வேண்டும். புனேக்காரரிடம் அப்படியே சொன்னேன். வருத்தமில்லை என்றார்.

விற்றபின்தான் உள்ளூர் வியாபாரத்தின் இன்னொரு முகம் தெரிந்தது. வெளியூர் வாங்குநர் பொருள் சேர்ந்ததும் மறைந்துவிடுவார். உள்ளூர்க்காரர் நம்மைச் சேர்த்தே வாங்கிக்கொள்கிறார். நாலு வாரத்தில் வேட்டிக்காரர் ஆறு முறை வந்துவிட்டார். கிராங்கின் கோட்டர் பின் ஆடுகிறது, மணி சரியாக ஒலிக்கவில்லை, விளக்கு மினுக்குகிறது. விளக்கு என்றதும் பாய் பதறிவிட்டார். "யாராச்சும் ஹப்பைப் பிரிச்சீங்களா? காந்தத்தைச் சும்மா வெளிய எடுத்தா பவர் போயிரும் சார்!" பிரிக்கவில்லை, ஒயர்தான் விட்டுப்போயிருந்தது. வீட்டில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருந்த பழைய கோட்டர் பின்களில் மூன்று அவருக்குப் போய்விட்டன. காபி எத்தனை என்று வீட்டுக்காரம்மாதான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை முன்சக்கரம் கோட்டம் என்று வந்தார். பாயை வரவழைத்து, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டோம். கோட்டம் ஒன்றும் இல்லை. சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, விளக்கு பகலிலும் எரிந்தது. அப்போது என் போன் அடித்தது. புனேக்காரர்தான். "அந்த டைனமோ ஹப்பை மட்டும் கழற்றித் தர முடியுமா? 6,000 தருகிறேன்."

"அது என் கையில் இல்லை சார், உபயோகத்தில் இருக்கிறது," என்று வைத்துவிட்டேன்.

"யாரு சார்?" என்றார் வேட்டிக்காரர்.

"ஒண்ணுமில்ல. உங்க சைக்கிளைப் பத்தி விசாரிக்கிறாங்க."

"விக்கிறதா இல்லன்னு சொல்லிருங்க." காபியை ஒரு வாய் குடித்தார். தம்ளரைத் திண்ணையில் வைத்தார். "சும்மா தெரிஞ்சுக்கலாம்னு கேக்குறேன். எவ்வளவு சொல்றாங்க?"